மூன்று அரியரும் ஒரு பஸ் பயணமும்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மதுரையில் இன்ஜினியரிங் சேர்ந்தான். வீட்டுச் சாப்பாடு, அம்மாவுக்குத் துணை என்று தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். "எனக்கு வராது மாமா, நின்னுக்கிறேன்" என்கிறான். ஆர்ட்ஸ் காலேஜில் சேர்த்திருக்க வேண்டுமோ?

(உசிலம்பட்டி வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

டிசி வாங்க அவசரப்படாதீர்கள். மூன்று அரியரை வைத்துப் பையனுக்கு மூளை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கான லேபை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சில வரிகளை உள்ளே தள்ளி எழுத வேண்டும். அங்கே ஒரு ஸ்பேஸ் பிசகினாலே எர்ரர் வரலாம். பக்கத்து சீட்டுப் பையன் எட்டாம் வகுப்பிலிருந்தே கீபோர்டு தட்டியவன், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு போனை நோண்டுவான். உங்கள் மருமகன் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பான். அவன் எர்ரரைக் கண்டுபிடிப்பதற்குள் பெல் அடித்துவிடும். கணக்கும் அப்படித்தான். பிளஸ் டூவில் புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளை மனப்பாடம் செய்தாலே ஓரளவு தேறிவிடலாம். இங்கே அது செல்லாது.

இந்தப் பள்ளத்தை வகுப்பில் யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு, "டேய், இத இப்பிடிப் போடு" என்று ஒருவன் சொல்லித் தருவானே, அங்கேதான் பாதிப் படிப்பு நடக்கிறது. உங்கள் பையன் அந்த நேரத்தில் ஆரப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பில் தூங்கிக்கொண்டிருப்பான். அமெரிக்காவில் வின்சென்ட் டின்டோ என்ற கல்வி ஆய்வாளர் 1975லேயே எழுதினார்: மாணவன் படிப்பில் நிலைப்பதற்கு மார்க் மட்டும் போதாது, கல்லூரியின் படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் அவன் ஒட்ட வேண்டும் என்று. காலேஜ் விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் யாரோடு ஒட்டுவது?

7.5 சதவீதத்தில் சேர்ந்தவர்களுக்கு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்புறம் எதற்கு இந்த அலைச்சல்? ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள். அக்காவுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும்.

அவனுக்கே தமிழோ வேதியியலோ படிக்க ஆசை இருந்தால் ஆர்ட்ஸ் காலேஜுக்குத் தாராளமாகப் போகட்டும். பயந்துகொண்டு போக வேண்டாம்.

இந்த வாரமே வார்டனைப் போய்ப் பாருங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெஸ் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அக்காவே சொல்லட்டும்.