காரைக்குடி பலகாரக் கடையின் பழைய டெஸ்க்டாப்: எதை மாற்றலாம், எதில் காசு போடக் கூடாது?

கேள்வி இது: டாலியில் பில் போடும் கடை கம்ப்யூட்டர், இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை பிராசசர், எச்81 வகை மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் ஆகவே நேரம் பிடிக்கிறது. பாகம் மாற்றினால் தேறுமா?

தேறும். ஆனால் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் வேகமான டிஸ்க்), ராம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். நொடிக்கு 100, 150 எம்பி படிக்கும்; சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும்போது அதுவும் படுத்துவிடும். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் மாட்டும் வகை, 500 எம்பியைத் தொடும். 240 ஜிபி தாராளம். கடைக்காரர் என்விஎம்இ (போர்டிலேயே செருகும் இன்னும் வேகமான எஸ்எஸ்டி) காட்டினால் வேண்டாம்; எச்81 போர்டுகளில் பொதுவாக அதற்கு ஸ்லாட் கிடையாது. இருக்கும் நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம். எஸ்எஸ்டியை அதில் செருகுங்கள். பழைய டிஸ்க் பேக்கப்புக்கு உள்ளேயே இருக்கட்டும்.

எஸ்எஸ்டி மாட்டும் முன் டாலி டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துவிட்டு, டாலி லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள், அதாவது பழைய விண்டோஸிலிருந்து விடுவியுங்கள். இதை மறந்தால் புது விண்டோஸில் லைசென்ஸை ஏற்றுவதற்குள் வியாபாரம் நின்றுபோகும். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் பழைய டிஸ்க்குக்கு மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் குளோன் (அப்படியே நகல்) செய்ய வேண்டாம், பாதியில் நிற்க வாய்ப்பு அதிகம். விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள்.

ராம் டிடிஆர்3, 1600 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர்4-க்கு வெட்டு வேறு இடத்தில், நுழையாது. போர்டில் இரண்டே ஸ்லாட். 4 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு 4 சேர்த்தால் போதும். 2+2 என்றால் காலி ஸ்லாட் இருக்காது; இரண்டையும் கழற்றிவிட்டு 4+4 போடலாம். வாங்கப் போகும் முன் திறந்து பாருங்கள். மாட்டியபின் திரை வராவிட்டால் பதற வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி அதன் தங்கநிற முனைகளை ரப்பரால் தேய்த்து, மறுபடி செருகி, கிளிப் ‘டக்’கென்று விழும்வரை அழுத்துங்கள்.

திறந்த கையோடு செம்மண் புழுதியையும் பிளோயரால் ஊதுங்கள், விசிறி சுழலாமல் விரலால் பிடித்தபடி. பிராசசர் கூலரைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை (வெப்பம் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாக வைக்காமல் மூடாதீர்கள்.

பழைய ஐ5 வாங்கிப் போட்டாலும் பில்லிங்கில் பெரிய மாற்றம் தெரியாது. போர்டை மாற்றினால் பிராசசர், ராம் எல்லாம் கூடவே போகும். அந்தக் காசுக்குப் புதுசே நல்லது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். பாதுகாப்பு அப்டேட் தரும் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்தது. ஆகவே இதில் பில் மட்டும் போடுங்கள். ஜிஎஸ்டி தாக்கலும் பேங்க் வேலையும் வேறு மெஷினில்.