கையெழுத்துப் போட்டவர்தானே?

கேள்வி: சென்ற இதழில் சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனை இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தீர்கள். ஸ்டாலின் காலத்தில் ராணுவப் பத்திரிகையில் சம்பளம் வாங்கியவர் அவர். தானும் யூதராக இருந்துகொண்டு, 1953ல் யூத மருத்துவர்களைத் தண்டிக்கச் சொன்ன கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். இவரையா மனசாட்சியின் குரல் என்கிறீர்கள்?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: போட்டார். மழுப்ப ஒன்றுமில்லை. சோவியத் தலைவர்களைக் கொல்ல மருத்துவர்கள் சதி செய்தார்கள் என்று ஒரு கதை கட்டினார்கள். பிரபலமான யூதர்களே அவர்களைக் கண்டிப்பதாக ஒரு கடிதம் தயாரானது. சில பேர் போனால் மற்ற யூதர்களாவது பிழைப்பார்கள் என்று அந்த நேரத்தில் கிராஸ்மன் கணக்குப் போட்டதாக அவருடைய நண்பர், கவிஞர் லிப்கின் எழுதியிருக்கிறார். கேவலமான கணக்குதான்.

ஆனால் அந்தக் கடிதம் வெளிவரவே இல்லை. மார்ச்சில் ஸ்டாலின் செத்தார், ஏப்ரலில் மருத்துவர்கள் விடுதலையானார்கள். கிராஸ்மன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அவரோ அதைத் தூக்கித் தன்னுடைய பெரிய நாவலான ‘வாழ்வும் விதியும்’ உள்ளே வைத்தார். அதில் விக்தர் ஷ்த்ரூம் என்று ஒரு இயற்பியலாளர் வருகிறார். நிறுவனத்தில் எல்லோரும் அவரை ஒதுக்குகிறார்கள். மன்னிப்புக் கேள், விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். கேட்க மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்து, கைது செய்ய எப்போது வருவார்களோ என்று காத்திருக்கிறார். வருவது ஸ்டாலினின் தொலைபேசி அழைப்பு. மறுநாளே எல்லாம் தலைகீழ். முகம் திருப்பிக்கொண்டவர்கள் கை குலுக்குகிறார்கள், வசதிகள் திரும்ப வருகின்றன. அப்புறம்தான் கையெழுத்துக்காக அதே மாதிரி ஒரு கடிதத்தை நீட்டுகிறார்கள், மிக மரியாதையாக. தனியாக, பயந்து கிடந்தபோது பணியாத ஆள் இப்போது போட்டுவிடுகிறார்.

மிரட்டலுக்கு மசியாதவன் உபசாரத்தில் மசிகிற அந்த இடத்தை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டேன். இதைக் கற்பனையில் மட்டும் எழுதிவிட முடியாது. நீங்கள் வாசிக்கிற குற்றப்பத்திரிகையை அவர் உங்களுக்கு முன்பே, உங்களைவிடக் கறாராக எழுதி முடித்துவிட்டார்.

சம்பளம் என்றீர்களே, அதையும் பார்ப்போம். 1941ல் போர் வந்தபோது அவர் கண்ணாடி போட்ட, கனத்த உடம்புக்காரர். முன்னாள் வேதியியல் பொறியாளர். சிப்பாயாகச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ‘செந்நட்சத்திரம்’ பத்திரிகையின் நிருபராகி, ஆயிரம் நாளுக்கு மேல் போர்முனையில் கழித்தார். ஸ்டாலின்கிராடில் அவர் எழுதிய வரிகள் இன்றும் அங்கே மாமயேவ் குன்றின் நினைவிடச் சுவரில் இருக்கின்றன. எழுதியவர் பெயர் மட்டும் கிடையாது. 1944ல் திரெப்ளிங்கா வதைமுகாம் இருந்த இடத்துக்குப் போனார். நாஜிகள் கட்டடங்களை இடித்து, உழுது, விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மண்ணோ எலும்புத் துண்டையும் பல்லையும் முடியையும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அவர் கணித்த சாவு எண்ணிக்கை 30 லட்சம் வரை போனது தப்பு. பிற்கால ஆய்வுகள் 7 முதல் 9 லட்சம் என்கின்றன. மற்றபடி அந்தக் கட்டுரை, வதைமுகாம்களைப் பற்றி உலகில் வந்த முதல் நேரடிப் பதிவுகளில் ஒன்று. நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணை வரை போனது. எழுத்தாளர் எரென்பர்குடன் சேர்ந்து சோவியத் யூதர்கள் கொல்லப்பட்டதைத் தொகுத்த ‘கறுப்புப் புத்தகம்’ 1948ல் முடக்கப்பட்டது. செத்தவர்களை இனம் பிரிக்காதே என்பதுதான் அன்றைய சர்க்கார் பாட்டு.

1938ல் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவருடைய மனைவி ஓல்காவைக் கைது செய்தார்கள். ஓல்காவின் முதல் கணவர் ஏற்கெனவே பிடிபட்டிருந்தார். அந்தக் கணவரின் இரண்டு பையன்களை அநாதை விடுதிக்குக் கொண்டுபோகாமல் இருக்க, கிராஸ்மன் தன் பொறுப்பில் எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவுக்கே கடிதம் போட்டார். அந்த வருஷத்தில் அப்படி ஒரு கடிதம் போடுவது தானாகப் போய்த் தூக்குக்கயிற்றை விசாரிப்பது மாதிரி. ஓல்கா வீடு திரும்பினார். அந்தக் கடிதத்தை எழுதியதும் 1953 கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் ஒரே கை. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத எனக்குத் தெரியாது.

நாவலுக்கு என்ன ஆனது என்பதைச் சென்ற இதழிலேயே எழுதியாகிவிட்டது, படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1961 பிப்ரவரியில் சோவியத் ரகசியப் போலீஸான கே.ஜி.பி. வந்தது. ஆளைப் பிடிக்கவில்லை, புத்தகத்தைப் பிடித்தது. கைப்பிரதிகள், கார்பன் தாள், தட்டச்சு நாடா வரை அள்ளிக்கொண்டு போனார்கள். என் புத்தகத்துக்கு விடுதலை கொடுங்கள் என்று மறுவருஷம் அன்றைய சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு எழுதினார். கிடைக்கவில்லை. 1964ல் புற்றுநோயில் இறந்தார். நண்பர்கள் ஒளித்துவைத்த பிரதி மைக்ரோஃபிலிமாக எல்லை தாண்டி 1980ல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. சோவியத் நாட்டில் 1988ல்.

இன்னொரு குற்றச்சாட்டு உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் தன்மேல் சுமத்திக்கொண்டதிலேயே பெரியது அதுதான். அம்மா யெகதெரீனா உக்ரைனில் பெர்திச்சிவ் ஊரில் இருந்தார். அவரை அழைத்து வைத்துக்கொள்ள மாஸ்கோ வீட்டில் இடம் போதாது என்றார் ஓல்கா, கிராஸ்மனும் வற்புறுத்தவில்லை. ஜெர்மன் படை வந்துவிட்டது. 1941 செப்டம்பரில் ஊர் யூதர்களோடு அம்மாவையும் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். கிராஸ்மன் இறந்த பிறகு அவர் காகிதங்களில் ஒரு உறை கிடைத்தது. உள்ளே இரண்டு படங்கள்: ஒன்றில் அம்மாவும் சிறுவனான இவரும், இன்னொன்றில் குழியில் கிடக்கும் பெண்களின் நிர்வாணப் பிணங்கள். கூடவே அம்மாவுக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்கள். ஒன்று 1950ல், இன்னொன்று 1961 செப்டம்பரில், அம்மா செத்து இருபது வருஷம் ஆனபோது. நான் போன பிறகும் உனக்குச் சமர்ப்பித்த இந்தப் புத்தகத்தில் நீ இருப்பாய் என்று அதில் சொல்கிறார். புத்தகம் அப்போது கே.ஜி.பி. கையில் இருந்தது.