மகளுக்கு 9 வயது, உங்களுக்கு 36: பல் கம்பி யாருக்கு எப்போது?

அக்கா, மகளின் மேல் முன்பற்கள் துருத்தி நிற்கின்றன, உங்கள் கீழ்ப்பற்களும் நெருங்கிவிட்டன, இருவருக்கும் இப்போதே கம்பி போடலாமா என்று உப்புவெளியிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

மகளை இப்போதே காட்டுங்கள். காட்டுவது வேறு, கம்பி போடுவது வேறு. 9 வயதில் பால்பற்கள் இன்னும் மிச்சம் இருக்கும். முழுக் கம்பி பெரும்பாலும் 11, 12 வயதுக்குப் பிறகுதான். ஆனால் கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், அவள் வளரும் காலத்திலேயே கழற்றி மாட்டும் கருவி கொடுப்பார்கள். அந்த வளர்ச்சி முடிந்த பிறகு அது பலிக்காது. விரல் சூப்புகிறாளா என்றும் பாருங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் தொடங்கினால், பல் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்புவார்கள்.

உங்களுக்கு வயது தடையில்லை. ஈறும் எலும்பும் உறுதியாக இருந்தால் எந்த வயதிலும் பல் நகரும். துலக்கும்போது இரத்தம் வந்தால் முதலில் அதைக் குணமாக்குங்கள். வெளியே தெரியாத அலைனர், அதாவது பற்களின் மேல் மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை, நல்லதுதான், ஆனால் நாளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டும்.

நான் கண்டியில் போட்டேன். மாதம் ஒருமுறை விடியற்காலை பஸ். முறுக்கிய அன்று இரவு இடியப்பத்தைக்கூடச் சொதியில் ஊறவைத்துத்தான் விழுங்கினேன். அதனால் போய்வர முடிகிற இடமாகப் பாருங்கள், அக்கா. கம்பியைக் கழற்றியதும், பற்கள் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை விட்டுவிடாதீர்கள். நான் ஆறு மாதம் விட்டேன், ஒரு பல் திரும்பிவிட்டது.