அறம் காலத்துக்குக் காலம் மாறுவதுதானே? பிறகு ஏன் கிறிஸ்தவர்கள் மாறாத உண்மை ஒன்று உண்டென்று பிடிவாதம் பிடிக்கிறார்கள்?

‘பிடிவாதம்’ என்று கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கடந்து போயிருப்பேன். அந்தப் பட்டத்தை எனக்குச் சூட்டியவர்கள் நாத்திகர்கள் அல்லர், என்னுடைய சபையார் என்பதால்தான் எழுதத் தோன்றியது.

கேட்டவரின் நிலையை ஓரளவு ஊகிக்கிறேன். ஆராதனைக்குத் தவறாத குடும்பம். எதைக் கேட்டாலும் ‘வேதம் அப்படிச் சொல்கிறது’ என்று முடிந்துவிடும் பேச்சு. படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளியே வந்த பிறகு, அந்த வேதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத நல்லவர்கள் பலரைச் சந்தித்ததால் வந்த குழப்பம். என் ஊகம் தவறாக இருக்கலாம். ஆனால் என்னிடம் இதைக் கேட்ட பெரும்பாலோர் அங்கிருந்துதான் வந்திருக்கிறார்கள்.

நான் இறையியல் கற்றவன் அல்லன். கணக்குத் தணிக்கை என் தொழில். கிறிஸ்தவர்கள் மற்றவர்களைவிட ஒழுக்கமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே வருவதைப் படித்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லை என்பது புரியும். இறைநம்பிக்கை இல்லாதவர்களுக்கு அறம் தெரியாது என்பதும் என் கருத்தல்ல.

ஒரு முறை எங்கள் சபையின் ஆண்டுக் கணக்கைப் பார்த்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள். விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் உதவுவதற்கென்று தனியாக ஒரு நிதி உண்டு. அதற்கென்றே குறிப்பிட்டுக் கொடுக்கப்படும் காணிக்கை அதில் சேரும். அந்த நிதியின் வவுச்சர்களைப் புரட்டியபோது, பெற்றுக்கொண்டவர்களின் கையொப்பங்கள் வரிசையாக ஒரே மையில், ஒரே சாய்வில் இருப்பதைக் கவனித்தேன். அவற்றில் ஒன்று, நாங்கள் எல்லாரும் சென்று அடக்கம் செய்துவிட்டு வந்த ஒரு தாயாரின் பெயரில், அவருடைய அடக்கத்துக்குப் பிந்தைய தேதியில் இருந்தது. விசாரித்ததில், அந்தப் பணம் ஆராதனை மண்டபத்தின் ஒலிபெருக்கி அமைப்புக்குச் சென்றிருந்தது. ஒருவரும் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

நிர்வாகக் குழுவில் இதை எடுத்து வைத்தேன். ‘உலகம் சத்தியத்தை விட்டு விலகிப்போய்விட்டது, அவனவன் பார்வைக்குச் சரியானதையே செய்கிறான்’ என்று நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி வசனத்தை வைத்து உருக்கமாகப் பிரசங்கித்த மூப்பர் ஒருவர்தான் முதலில் பதில் சொன்னார். “தம்பி, உங்கள் பார்வையில் அது தவறு. எங்கள் பார்வையில் அது ஊழியத்துக்கான ஓர் ஏற்பாடு. சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் அல்லவா?” என்றார். “ஐயா, இறந்துபோனவர் கையெழுத்துப் போட்டது எந்தச் சூழ்நிலையில்?” என்று கேட்டேன். மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்ற வசனம் உடனே என்மேல் வந்து விழுந்தது. அந்த வசனம் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்று இயேசு அதே பகுதியில் சொல்கிறார். துரும்பு என்று ஒன்று கிடையாது என்று அவர் சொல்லவில்லை. இதைச் சொன்னபோதுதான் எனக்குப் பிடிவாதக்காரன் என்ற பெயர் கிடைத்தது.

கடைசியில் கை உயர்த்தச் சொன்னார்கள். ‘கணக்கில் தவறேதும் இல்லையென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று குறிப்பேட்டில் ஏறியது. நான் மறுத்துக் கை தூக்கியிருந்ததால், ‘ஏகமனதாக’ என்பதையாவது நீக்குங்கள் என்று கேட்டேன். நீக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சரி, தவறு என்பவை ஒரு குழு ஏற்றுக்கொண்ட வழக்கம் மட்டுமே என்றால், கைகள் உயர்ந்த அந்த நிமிடத்தில் அந்த வவுச்சர் சரியாகிவிட்டது. அங்கே தவறு செய்தவன் நான் ஒருவனே. சமூகம் முழுவதும் ஒரு கொடுமையை ஏற்றுக்கொண்டிருக்கும்போது அதை எதிர்க்கும் தனிமனிதர் எவராயினும், அறம் அந்தந்தச் சமூகத்தையும் காலத்தையும் சார்ந்ததே என்னும் சார்புவாதத்தின் கணக்குப்படி, வெற்றி பெறும் நாள்வரை குற்றவாளியே. அடிமை வணிகத்தை எதிர்த்து பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானங்கள் ஆண்டுக்கணக்கில் தோற்றன. 1807-இல்தான் அந்த வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1806-இல் அவர் சொன்னது பொய்யாக இருந்து, 1807-இல் அது உண்மையாக மாறியதா? எண்ணிக்கை மாறியது, அவ்வளவுதான். பெரும்பான்மையோரைப் பின்பற்றித் தீமை செய்யாதே என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் கட்டளையிடுவதற்கு, பெரும்பான்மைக்கும் மேலே ஒன்று இருந்தால்தான் பொருள் உண்டு.

என் அலுவலகத்தில் ஒரு நண்பர். கடவுள் இல்லை என்பதில் அவருக்குத் துளியும் ஐயம் கிடையாது. அறம் என்பது மனிதர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று உணவு இடைவேளைகளில் என்னோடு வாதாடுவார். நடந்ததை அவரிடம் என் கருத்து எதையும் சேர்க்காமல் சொன்னேன். “செத்துப்போனவர் பெயரில் கையெழுத்தா? அயோக்கியத்தனம்!” என்றார். “யாருடைய பார்வையில்?” என்று கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “இதில் என்னய்யா பார்வை வேண்டிக்கிடக்கிறது?” என்றார். அந்த நாளில் எங்கள் குழுவிலிருந்த எல்லாரையும்விட அவர் வேதத்துக்கு நெருக்கமாக இருந்தார். மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தைப் பெறாத புறஜாதியாரின், அதாவது யூதரல்லாதவர்களின், இருதயங்களிலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுடைய மனச்சாட்சியும் கூடச் சாட்சியிடுகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சொல்வதை நான் இத்தனை அருகில் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தக் கோபம் பரிணாமம் நமக்குத் தந்தது என்று அவர் பின்னர் விளக்கினார். இருக்கலாம், அதை மறுக்கும் அறிவு எனக்கு இல்லை, மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் தன் கூட்டத்தாரை எப்பாடுபட்டாவது காப்பாற்று என்ற உந்துதலையும் அதே பரிணாமம்தானே தந்திருக்க வேண்டும்? எங்கள் மூப்பர்கள் செய்ததும் அதுதான். இரண்டு உந்துதல்கள் மோதும்போது எதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை, அவை எங்கிருந்து வந்தன என்ற வரலாறு சொல்லாது.

சார்புவாதத்துக்கு வலுவான சான்று கலாச்சார வேறுபாடுதான். அதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிய வரலாற்றின் மூன்றாம் பகுதியில் வருகிறது. பாரசீக மன்னன் தாரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களை அழைத்து, என்ன கொடுத்தால் இறந்த தந்தையரின் உடலை உண்பீர்கள் என்று கேட்கிறான். எதைக் கொடுத்தாலும் மாட்டோம் என்கிறார்கள். பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர் என்ற இந்தியர்களை அழைத்து, என்ன கொடுத்தால் அந்த உடலை எரிப்பீர்கள் என்று கேட்கிறான். அப்படிப்பட்ட பேச்சையே பேச வேண்டாம் என்று அலறுகிறார்கள். வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்று கவிஞர் பிண்டார் சொன்னது சரி என முடிக்கிறார் ஹெரடோட்டஸ். எனக்கோ அந்தக் கதையில் இரண்டு கூட்டத்தாரும் ஒரே காரணத்துக்காக அதிர்ந்ததுதான் முதலில் கண்ணில் படுகிறது. தகப்பனை இழிவுபடுத்தக் கூடாது என்பதில் அவர்களுக்குள் வேறுபாடே இல்லை. எது இழிவு என்பதில்தான் வேறுபாடு. இறந்த தகப்பனைத் தெருவோரம் எறிந்துவிட்டுப் போவதில் தவறில்லை என்று அங்கே எவரும் சொல்லவில்லை.

எல்லா வேறுபாட்டையும் இப்படிக் கரைத்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சில வழக்கங்கள் நேருக்கு நேர் முரண்படும். அப்போது என்ன செய்வது? 1947-இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு, மதிப்பீடுகள் அவை தோன்றிய கலாச்சாரத்தைச் சார்ந்தவை என்று சொல்லி, எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டியல் எப்படிச் சாத்தியம் என்று கேள்வி எழுப்பி ஓர் அறிக்கை அனுப்பியது. மேற்கத்தியர் தம் வழக்கத்தை உலகத்தின்மேல் திணித்துவிடுவார்களோ என்ற அவர்களுடைய அச்சம் நேர்மையானது. ஆனாலும் 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரிக்க, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்க, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் பிரகடனம் நிறைவேறியது. 1999-இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துத் தனியாக ஓர் அறிவிப்பை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயத்துக்கு அடிப்படையாக 1945-இல் எழுதப்பட்ட சாசனத்தைப் பாருங்கள்: மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், செய்யப்பட்ட நாட்டின் சட்டத்தை மீறினவோ இல்லையோ, குற்றங்களே என்று அது சொல்கிறது. நாங்கள் செய்தபோது அது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே என்பதுதான் பிரதிவாதிகளின் வாதங்களில் ஒன்று. சார்புவாதி அந்த வாதத்துக்கு என்ன மறுப்புச் சொல்வார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

‘எல்லாம் சார்பானதே’ என்ற கூற்றும் சார்பானதுதானே என்று மடக்குவது, மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் புரோட்டகோரஸுக்கு எதிராகப் பிளேட்டோ பயன்படுத்திய காலத்திலிருந்து வருகிறது. தர்க்கம் சரியே. ஆனால் அதனால் மனம் மாறிய ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆகவே அதை நீட்டவில்லை. யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையைச் சொல்ல வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: முழு யானையையும் பார்த்த ஒருவர் இருந்தால்தான் அந்தக் கதையையே சொல்ல முடியும். இதைப் பேராயர் லெஸ்லி நியூபிகின் முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

‘திருச்சபையே அடிமை முறையை வேதத்தைக் காட்டி ஆதரித்ததே’ என்று கேட்பீர்கள். ஆதரித்தது. அமெரிக்காவின் தென்பகுதி பாப்திஸ்து சபையினர் 1845-இல் தனி அமைப்பாகப் பிரிந்ததே அடிமை உடைமையாளர்கள் மிஷனரிகளாகலாமா என்ற சண்டையில்தான். அவர்கள் அதற்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட 1995 ஆயிற்று. இந்தக் குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன்; ஏற்க முடிவதே, சபைக்கும் மேலான ஓர் அளவுகோல் உண்டென்று நம்புவதால்தான். சபை ஏற்றுக்கொண்டதே அறம் என்றால் 1845-இல் அவர்கள் செய்ததில் குற்றம் எங்கிருந்து வரும்?

இங்கே ஓர் ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். ஐன்ஸ்டைன் மாணவராக இருந்தபோது நாத்திகப் பேராசிரியரை வாயடைக்கச் செய்து கடவுளை நிரூபித்தார் என்ற கதை ஜெப வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரமே இல்லை. சத்தியத்துக்காக வழக்காடுவதாகச் சொல்லிக்கொண்டு பொய்யை முன்னனுப்புகிறவர்களிடம், ‘இது உண்மையல்ல, ஐயா’ என்று சொன்னால், ‘கருத்து நல்லதுதானே, தம்பி’ என்று பதில் வருகிறது. ஒலிபெருக்கி வாங்கியவர்களின் நியாயமும் இதுவேதான்.

சரி, மாறாத உண்மை உண்டென்று பிளேட்டோவும் சொன்னார். இதில் கிறிஸ்தவம் எங்கே வருகிறது? யோவான் 18-இல், இயேசுவை விசாரிக்கும் ரோம ஆளுநன் பிலாத்து ‘சத்தியமாவது என்ன’ என்று கேட்டுவிட்டு வெளியே போகிறான். போய், இவனிடத்தில் ஒரு குற்றமும் காணேன் என்கிறான். அதை மூன்று முறை சொல்கிறான். நடுவில் அவரைச் சாட்டையால் அடிப்பிக்கிறான், முடிவில் சிலுவைக்கு ஒப்புக்கொடுக்கிறான். உண்மை என்ன என்ற கேள்வி கைவிடப்பட்ட இடத்தில் சகிப்புத்தன்மை வந்து உட்காரவில்லை. கூச்சல் பெரிதாக இருந்த பக்கம் வென்றது. ‘நானே சத்தியம்’ என்று சொன்னவரோ அங்கே அடிவாங்குகிற இடத்தில் நின்றார். வெறும் அளவுகோல் மட்டும் இருந்தால் என் மூப்பர்களும் தேறமாட்டார்கள், நானும் தேறமாட்டேன். அளக்கிறவரே குற்றவாளியின் இடத்தில் வந்து நின்றார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அதனால்தான் தவறைத் தவறு என்று சொல்லவும், சொன்ன பிறகு மன்னிக்கவும் வழி இருக்கிறது. கடவுள் கட்டளையிடுவதால் நன்மை நன்மையாகிறதா என்ற பழைய கேள்விக்கும் இதுவே எங்கள் பதில்: நன்மை அவருடைய இயல்பு, அவர் நினைத்தால் நாளைக்கு மாற்றிக்கொள்ளும் விதி அல்ல.

அந்த நிதிக்குப் பணம் அடுத்த ஆண்டு திரும்ப வைக்கப்பட்டது. மறுபடி கணக்குப் பார்க்க என்னை அழைக்கவில்லை. குறிப்பேட்டில் ‘ஏகமனதாக’ இன்னும் இருக்கிறது.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாறாத உண்மை உண்டு என்பதற்கு, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதெல்லாம் மாறாத உண்மை என்று பொருளில்லை. உணவிலும் நாள்களைக் கைக்கொள்வதிலும் விசுவாசிகள் வேறுபடலாம், அவனவன் தன் மனதில் நிச்சயமுள்ளவனாக இருக்கட்டும் என்று ரோமர் 14-இல் பவுலே இடம் விடுகிறார். உடை, இசை, எந்த நாளைக் கொண்டாடுவது போன்றவற்றில் வீட்டில் வாக்குவாதம் நடந்து, அதன் எரிச்சலில்தான் இதைக் கேட்டீர்கள் என்றால், அந்த வாக்குவாதத்தில் நான் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் இருப்பேன்; அந்த அதிகாரத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.