எழுதப்படாத ஊசி

மதிப்பிற்குரிய ஐயா,

என் ஊர் தேவிபட்டினம். சர்க்கரை நோயாளியான என் தந்தையை அண்மையில் மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரருக்குரிய இன்சுலினை நைட் டூட்டி செவிலியர் அவருக்குப் போட்டுவிட்டார். உடனே உணர்ந்து, குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை அருகிலேயே இருந்து கவனித்தார். ஆனால் கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே" என்று கெஞ்சினார். இவ்வளவு அக்கறை உள்ளவர் ஏன் மறைக்க வேண்டும்? நான் புகார் கொடுக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அவர் எழுதியிருக்க வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. நடந்தது தெரியாமல் காலை ஷிஃப்டில் வந்தவர் வழக்கமான ஊசியையும் போட்டிருந்தால், உங்கள் தந்தையின் சர்க்கரை மீண்டும் சரிந்திருக்கக்கூடும். ஆனால் எழுதினால் என்ன நடக்கும் என்பதை அவர் நம்மைவிட நன்றாக அறிவார். அரசுப் பணியென்றால் மெமோ, அதற்கு விளக்கம், பிறகு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி 17-பி எனப்படும் கடுமையான குற்றச்சாட்டு, அதனால் தள்ளிப்போகும் பதவி உயர்வு; தனியார் மருத்துவமனையென்றால் நாளை முதல் வர வேண்டாம் என்ற ஒரு வாய்ச்சொல் போதும். உங்கள் பக்கத்தில், தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையில், பெரும்பாலும் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் உறவு. பெயர் ஊருக்குப் போய்ச் சேர அரைநாள் ஆகாது.

சட்டமும் அவருக்குத் துணையில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது அதைச் செய்தவர் பதிவுபெற்ற மருத்துவராக இருந்தால் 2 ஆண்டு வரைதான். மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே அந்தச் சலுகை என்பதால், மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவருக்குக் கிடைப்பது ஊசி போட்ட செவிலியருக்குக் கிடைக்காது. இதைவிட வெளிப்படையான ஓரவஞ்சனையை நான் கண்டதில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017-ல் மருந்தை மாற்றி ஏற்றி ஒரு நோயாளி இறக்கக் காரணமான செவிலியர், தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்டார்; 2022-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அந்தச் செய்தி செவிலியர்களுக்கு என்ன கற்பித்திருக்கும்?

புகார் கொடுங்கள், ஆனால் செவிலியரின் பெயரைக் கேட்காமல், அன்றிரவு எத்தனை நோயாளிகளுக்கு ஒருவர் இருந்தார், ஊசிக்கு முன் பெயரைச் சரிபார்க்கும் வழக்கம் அங்கே உண்டா என்று கேளுங்கள். டூட்டி பட்டியலைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆகவே முதலில் அவரிடமே பேசுங்கள். அவரே எழுத முன்வந்தால், அவர்மீது குடும்பத்துக்குக் குறையில்லை என்றும், விடியும்வரை உடனிருந்து காத்தார் என்றும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். விசாரணை வந்தால் அந்தத் தாள் அவருக்கு உதவும்.