ஆறு இனி எப்படித் திரும்பும் என்பதைக் கணினி மாதிரி சொல்லிவிடுமா?

தோட்டத்து ஓரத்தில் ஆறு ஆண்டுதோறும் கரையை அரித்துக்கொண்டே வருவதாகவும், இன்னும் இருபது ஆண்டுகளில் அது எங்கே ஓடும் என்பதை மாதிரி சொல்லிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் நகரும், ஏறக்குறைய எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதைச் சொல்லலாம். எந்த ஆண்டில் எந்த வரிசைச் செம்பனை ஆற்றில் விழும் என்பதைச் சொல்ல முடியாது. கரை மண்ணைக் கணக்குக்குள் கொண்டுவருவது அவ்வளவு கடினம்.

படுகையின் கணக்கு அதைவிட எளிது. ஆஸ்திரிய அறிஞர் எக்ஸ்னர் 1920களில் வகுத்த சமன்பாடு ஒரு வீட்டின் வரவுசெலவைப் போன்றது: வந்து சேரும் மணல் வெளியேறுவதைவிட மிகுந்தால் படுகை உயரும், குறைந்தால் தாழும். டெல்ஃப்ட் 3டி போன்ற மென்பொருள்கள் ஆற்றைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இன்றும் இதைத்தான் தீர்க்கின்றன. வளைவுகளுக்கு 1981இல் இக்கேடா, பார்க்கர், சவாய் மூவரும் ஒரு விதி தந்தார்கள்: வெளிக்கரையை ஒட்டிய நீர் சராசரியைவிட எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ, அந்த விகிதத்தில் கரை பின்வாங்கும். அந்த விகித எண்ணைப் பழைய நிலவரைபடங்களிலிருந்தும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்தும்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். ஆனால் அப்படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டர். ஆண்டுக்கு ஒரு மீட்டர் நகரும் கரை அதைக் கடக்கவே முப்பது ஆண்டுகள் ஆகும்.

மலேசியாவில் நான் வளர்ந்த ஊத்தான் மெலிந்தாங்கில் பெர்னாம் ஆறு கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் கரை வெள்ளக் காலத்தில் மட்டும் இடிவதில்லை. நீர் உயர்ந்து நிற்கும்போது அதன் அழுத்தமே கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. நீர் வடிந்ததும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது, களிமண்ணுக்குள் புகுந்த நீரோ அவ்வளவு விரைவில் வெளியேறுவதில்லை. அப்போது விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடும், அதற்கும் ஆற்றுக்கும் இடையில் நிற்கும் மரம் ஆற்றுப் பக்கம் சாயும், பிறகு மூன்று மீட்டர் அகல மண் ஒரே பாளமாகச் சரியும். இருபது மீட்டர் கட்டத்தில் இயங்கும் மாதிரிக்கு அந்தப் பாளம் தெரியாது. பக்கத்து நீர்க்கட்டத்தின் அரிப்பில் எத்தனை பங்கைக் கரை மீது ஏற்றுவது என்பதை, டெல்ஃப்ட் 3டியில் இயக்குபவரே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கழிமுகத்திலும் இதே நிலைதான்: மண்ணின் தன்மையைப் பொறுத்தே விடை மாறுகிறது. எட்மண்ட்ஸ், ஸ்லிங்கர்லேண்ட் இருவரும் 2010இல் வண்டலின் ஒட்டும் தன்மையை மாற்றி மாற்றிக் கணக்கிட்டபோது, நன்றாக ஒட்டும் சேறு பறவைக்கால் வடிவத்தையும், ஒட்டாத வண்டல் விசிறி வடிவத்தையும் தந்தது.

எனவே ஒற்றைக் கோடாக வரைந்த எதிர்காலக் கரையை யாரேனும் காட்டினால் ஏற்காதீர்கள். மண்ணின் வலிமையை மாற்றிப் பலமுறை இயக்கிப் பெற்ற, கரை எங்கெங்கே இருக்கக்கூடும் என்று காட்டும் ஒரு பட்டையைக் கேளுங்கள். அதற்கு முன், கரையிலிருந்து உள்ளே தள்ளி முளைக்குச்சிகள் நட்டு, நீர் நன்றாக வடிந்திருக்கும் நேரத்தில் மாதம் ஒருமுறை தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். செயற்கைக்கோள் படம் தராத அந்த அளவுகளை வைத்துத்தான் உங்கள் கரைக்குரிய விகித எண்ணைச் சரிசெய்ய முடியும்.