கேள்வி நேரம்: விழுங்குவது உமிழுமா?

கேள்வி: கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்கிறீர்கள். அதிலிருந்து ஜெட் பீறிடுகிறது என்றும் எழுதுகிறீர்கள். எதை நம்புவது? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: இரண்டையும் நம்புங்கள். உள்ளே போனது போனதுதான். ஆனால் விளிம்பைத் தாண்டுமுன், தட்டுபோல் சுற்றிச் சுழலும் வாயுவில் ஒரு பங்கைக் காந்தப்புலம் வெளியே வீசிவிடுகிறது. அந்தப் பாய்ச்சல்தான் ஜெட். அதில் எலெக்ட்ரான்கள் சுழல்வதால் பிறக்கும் ரேடியோ அலைகளைத்தான் பிடிக்கிறோம்.

எனக்குப் பிடித்த உதாரணம் வி404 சிக்னி என்ற கருந்துளை. தொலைவு சுமார் 7,800 ஒளியாண்டு. நிறை சூரியனைப்போல் 9 மடங்கு. துணை விண்மீனின் வாயுவை உறிஞ்சிக்கொண்டு 26 ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது, 2015 ஜூனில் சீறியது. ஹவாய் முதல் கரீபியன் வரை பரவிய, தலா 25 மீட்டர் அகலமுள்ள 10 ரேடியோ ஆண்டெனாக்கள் அதை நோக்கித் திரும்பின. 4 மணி நேரப் பதிவை ஒரே படமாக்கினால், கல்யாணப் புகைப்படத்தில் தலையை ஆட்டிய குழந்தையின் முகம்போல் எல்லாம் கலங்கல். வானியலாளர் மில்லர் ஜோன்ஸ் குழுவினர் சளைக்கவில்லை. பதிவை 70 விநாடித் துண்டுகளாக்கி, 103 படங்கள் எடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஜெட்டின் திசை சில நிமிடங்களிலேயே மாறுகிறது! 2019-இல் வெளியான இந்த முடிவை இன்றும் வியப்போடுதான் படிக்கிறேன்.

காரணம், கருந்துளையின் சுழல் அச்சும் வாயுத் தட்டின் தளமும் ஒத்துப்போகவில்லை. சுழலும் கருந்துளை அருகிலுள்ள வெளியையே இழுத்துத் திருகுகிறது. ஐன்ஸ்டைன் கோட்பாடு சொன்னதுதான். தட்டின் உட்பகுதி தள்ளாடுகிறது, ஜெட்டும் கூடவே ஆடுகிறது.